தப்பு பண்ணா கிழியணும் பாஸ்!



போன வாரம் ஹாஸ்டல் வாஷிங் மெஷினைப் பிரிச்சு மேய்ஞ்சோம். இந்த வாரம் கொஞ்சம் ரத்தம் வரும். பயப்படாதீங்க... ஃபுட் கலர்தான்!

முதல்ல என் மூஞ்சியில இருந்து ஆரம்பிக்கிறேன். (இந்தப் பக்கத்துல போட்டோ போட மாட்டேங்கிறாங்க. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம், உங்களுக்கு ரொம்ப லாபம்.) இடது புருவத்துக்கு மேல எனக்கு ஒரு தழும்பு இருக்கு. நேரா ஒரு கோடு, அதுக்குக் குறுக்கே எட்டுக் கோடு. ஸ்கூல்ல என் பேரே 'தண்டவாளம்'தான். மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ அப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டு, திண்ணை முனையில போய் முட்டினதுக்குக் கிடைச்ச பரிசு. ஊர்ல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. தையல் போட்டது ஒரு இளம் டாக்டர். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. கை ஞாபகம் இருக்கு. கண்ணுக்கு நேர் மேல, கையுறைக்குள்ள அந்தக் கை நடுங்கிட்டே இருந்தது.

இத்தனை வருஷமா, 'விழுந்ததால வந்த தழும்பு'ன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். என் பெரியம்மா பொண்ணு, ஹவுஸ் சர்ஜனா இருக்காங்க. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ என் புருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரு குண்டைப் போட்டாங்க.

"டேய், விழுந்ததால வந்தது அந்த நேர்கோடு மட்டும்தான். அதுகூட மங்கிப்போச்சு. குறுக்கே இருக்கிற எட்டும் தையலால வந்தது. ரொம்ப இறுக்கிக் கட்டியிருக்காங்க. நூலு தோலை அறுத்துட்டு உள்ளே உட்கார்ந்திருக்கு."

எனக்கு வந்துச்சே கோபம்! அந்த டாக்டர் மட்டும் இப்ப கையில கிடைச்சா... என்று நான் பல்லைக் கடிக்க, அக்கா அமைதியாகச் சொன்னார்.

"அவருக்கு அன்னிக்கு என் வயசுதான் இருந்திருக்கும். நீ அவருக்கு எத்தனாவது கேஸோ... முதல் ஆளாக்கூட இருக்கலாம். யாராவது ஒருத்தர் முதல் ஆளா இருந்துதானே ஆகணும்?"

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. ஆகணுமா? ஏன் ஆகணும்?

இன்ஜினீயரிங்ல நாம முதல் பாலத்தைக் கட்டிட்டு, 'நிக்குதான்னு பார்ப்போம், நீங்க நடங்க சார்'னு சொல்றதில்லை. டெஸ்ட் பீஸ்னு ஒண்ணு உண்டு. அதை லேப் மெஷின்ல மாட்டி, அது உடையற வரைக்கும் இழுத்துப் பார்ப்போம். மருத்துவத்துல மட்டும் ரொம்ப நாளா கதை வேற. அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில, 1889 வாக்குல ஹால்ஸ்டெட் என்கிற சர்ஜன் ஆரம்பிச்சு வெச்ச பயிற்சி முறைதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, சீனியர் கூடவே நின்னு, கொஞ்சம் கொஞ்சமா கத்தியைக் கையில வாங்குறது. அதைச் சுருக்கி டாக்டர்கள் ஒரு வசனமே வெச்சிருக்காங்க: 'ஒண்ணு பாரு, ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக் கொடு.' கேட்க ஜாலியாத்தான் இருக்கு. அந்த நடு 'ஒண்ணு' நீங்களா இருந்தா?

அக்காவை விடலை நான். "நீங்க எதுல பழகினீங்க?"னு கேட்டேன்.

"வாழைப்பழத்துல."

சிரிக்காதீங்க. நெஜமாவே நிறைய பேர் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. தோலைக் கீறி, தோலை மட்டும் தைக்கணும். அடுத்து தோல் உரிக்காத கோழிக்கால். அக்காவோட ரூம் மேட் அதை ஹாஸ்டல் பக்கெட்டுல மறந்து வெச்சுட்டு ஊருக்குப் போயிட, ரெண்டு நாள் கழிச்சு வார்டன் மூக்கைப் பொத்திக்கிட்டு மூணாவது மாடி வரைக்கும் வந்த கதையைத் தனியா ஒரு பக்கம் எழுதலாம். சரி, பிணத்துல பழகலாமேன்னு கேட்டேன். ஃபார்மலின்ல ஊறின உடம்பு விறைச்சுப் போயிருக்குமாம். உடம்போட அமைப்பைப் படிக்க அது தெய்வம். தையல் பழக அவ்வளவா ஒத்துவராது.

அப்புறம்தான் பேக்ல இருந்து அந்த ஐட்டத்தை எடுத்தாங்க. இட்லித் தட்டு அளவுக்கு, தோல் கலர்ல, கொழகொழன்னு ஒரு பேடு. மேல தோல், கீழே மஞ்சளா கொழுப்பு, அதுக்கும் கீழே சிவப்பா தசை. ஆன்லைன்ல வாங்கினதாம். 2019ல வந்த புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் 'ஸ்கில்ஸ் லேப்' இருக்கணும்னு சொல்லிடுச்சு. நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி பொம்மையில பழகுற ரூம் அது. அங்கேயும் இந்த மாதிரி ஐட்டங்கள்தான்.

பேடைக் கையில வாங்கி அமுக்கிப் பார்த்தேன். என் மூணாவது வருஷ மினி பிராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைச்சாச்சு!

எங்க டீம்ல நாலு பேரு. எல்லாரும் மெக்கானிக்கல். 'இது என்னடா, ரப்பர் தோசை ஊத்துற வேலைதானே... ஒரு வாரத்துல முடிச்சுடலாம்'னு இறங்கினோம். முதல் பாடம் பேருலயே கிடைச்சது. சிலிக்கான் வேற, சிலிக்கோன் வேற மக்களே! முன்னது கம்ப்யூட்டர் சிப். பின்னது ரப்பர் மாதிரி பொருள். வைவாவுல மாத்திச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கிட்டதை நீங்க வாங்க வேண்டாம்.

ரெண்டு பாட்டில் வரும். ஏ-யும் பி-யும் சரிபாதி கலந்து அச்சுல ஊத்தினா, சில மணி நேரத்துல கெட்டியாயிடும். பாட்டில்ல அப்படித்தான் போட்டிருந்தது. எங்களுக்கு ஆகலை. ராத்திரி ஊத்தினது மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓரமெல்லாம் பிசுபிசுன்னு அல்வா மாதிரியே இருந்தது. 'அளவு தப்பு', 'வெயில் பத்தலை', 'உன் ராசி'ன்னு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டோம். கடைசியில வில்லன் யார்னா, நாங்க சுத்தமா இருக்கணும்னு போட்டுக்கிட்ட கையுறை! இந்த வகை சிலிக்கோனை இறுக வைக்கிறது துளியூண்டு பிளாட்டினம். ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் கையுறையில கந்தகம் இருக்கு. கந்தகம் பட்டா பிளாட்டினம் வேலை நிறுத்தம் பண்ணிடும். கையுறை தொட்ட இடமெல்லாம் அல்வா.

கையுறையை மாத்தினோம், பேடு இறுகிச்சு. அக்காவுக்கு அனுப்பினோம். அன்னிக்கே போன். "முடிச்சை இறுக்கினா நூலு அப்படியே பன்னீரை வெட்டுற மாதிரி வெட்டிக்கிட்டு வருதுடா!"

மென்மையான சிலிக்கோனுக்கு இழுபடத் தெரியும். ஆனா ஒரு சின்ன ஓட்டை விழுந்துட்டா அது அங்கிருந்தே கிழிஞ்சுக்கிட்டுப் போயிடும். நம்ம தோல் அப்படி இல்லை. ஏன்னா அதுக்குள்ள கொலாஜன் நார் பின்னிக் கிடக்கு. லேசா இழுத்தா, சுருண்டு கிடக்கிற நார்கள் நிமிரும். அதுவரைக்கும் தோல் ஜம்முனு நீளும். நிமிர்ந்து முடிஞ்சதும் விறைச்சுக்கும். உங்க புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பாருங்க... முதல்ல சுலபமா வரும், அப்புறம் 'போதும்'னு நிக்கும். கிராஃப் போட்டா இங்கிலீஷ் 'ஜே' எழுத்து மாதிரி இருக்கும். எங்க சிலிக்கோனோட கிராஃப் கிட்டத்தட்ட நேர்கோடு. நேர்கோட்டுக்கு எங்க நிக்கணும்னு தெரியாது.

அப்போ நாரை நாமளே வைப்போம்! காலேஜ் வாசல்ல இருக்கிற டெய்லர் கடைக்குப் போய், "அண்ணே, நெட் துணி வெட்டினது மிச்சம் இருக்கா?"ன்னோம். எதுக்குன்னு கேட்டார். 'தோல் செய்ய'ன்னு நண்பன் உளற, ஒரு நிமிஷம் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் விஷயத்தைக் கேட்டுட்டு, ஒரு துண்டை எடுத்து இழுத்துக் காட்டினார்.

"தம்பி, இந்தப் பக்கம் இழுத்தா வராது. குறுக்கால, கிராஸ்ல இழுத்தா எவ்வளவு வருது பாருங்க. எந்தப் பக்கமா வெட்டுறோம்கிறதுலதான் தொழிலே இருக்கு."

அவருக்குத் தெரியாம ஒரு அனாடமி கிளாஸே எடுத்துட்டார். 1861ல ஆஸ்திரியாவைச் சேர்ந்த லாங்கர் என்கிற உடற்கூறு நிபுணர், பிணங்களின் தோல்ல உருண்டை முனை உள்ள ஊசியால குத்திக் குத்திப் பார்த்தார். வட்டமா விழ வேண்டிய ஓட்டைகள், நீள்வட்டமா வாய் பிளந்து நின்னுச்சு. உடம்போட ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு திசையில! தோலுக்கும் துணி மாதிரியே ஓட்டம் இருக்கு. அந்த ஓட்டத்தோட போற வெட்டு நல்லா மூடிக்கும். குறுக்கே போற வெட்டு விரிஞ்சு நிக்கும். லாங்கர் கோடுகள்னு இன்னிக்கும் சர்ஜன்கள் சொல்றது இதைத்தான்.

டெய்லர் அண்ணன் கொடுத்த கெட்டி நெட்டை உள்ளே வெச்சு அடுத்த பேடு ஊத்தினோம். எப்படி இழுத்தாலும் கிழியலை. நூல் அறுந்தது, பேடு அசையலை. வெற்றி! ஹாஸ்டல் வாசல் டீக்கடையில பன் பட்டர் ஜாம் ட்ரீட்டே நடந்தது.

அந்த ட்ரீட் ரெண்டு நாள்தான் தாங்கிச்சு.

அக்கா மூலமா ஒரு மருத்துவக் கல்லூரி ஸ்கில்ஸ் லேப்ல, சர்ஜரி அசிஸ்டென்ட் புரொபசர் மேடம் கிட்ட எங்க பேடைக் கொண்டு போனோம். மேடம் உட்கார்ந்தாங்க. நீடில் ஹோல்டரை எடுத்தாங்க. ஊசி பேடுக்குள்ள செங்குத்தா இறங்கி, மணிக்கட்டு ஒரு சுழற்று சுழன்று, அந்தப் பக்கம் முளைச்சது. மூணு முடிச்சு. வெட்டு ஓரம் ரெண்டும் லேசா உதடு குவிச்ச மாதிரி எழும்பி, பக்கத்துல பக்கத்துல ஒட்டி உட்கார்ந்தது. நாங்க கை தட்டாத குறை. அடுத்த தையலை வேணும்னே கண்டபடி போட்டாங்க. ஊசியைச் சாய்ச்சுக் குத்தி, முரட்டுத்தனமா இழுத்து, ஷூ லேஸ் கட்டுற மாதிரி நெரிச்சு ஒரு முடிச்சு. அப்புறம் பேடை எங்க பக்கம் திருப்பிக் கேட்டாங்க.

"தம்பி, ரெண்டுல எது சரி, எது தப்புன்னு உங்க பேடு சொல்லுதா?"

பார்த்தோம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தது.

"இது ரொம்ப நல்ல பிள்ளைப்பா. என்ன பண்ணாலும் பொறுத்துக்குது. அதுதான் பிரச்சினை. இதுல நூறு தையல் போட்டுட்டு ஒரு பையன் கேஷுவாலிட்டிக்கு வருவான். நல்லா இறுக்கிக் கட்டினாதான் கெட்டினு அவன் கை கத்துக்கிட்டிருக்கும். உயிருள்ள தோல்ல அப்படி இறுக்கினா ஓரம் வெளுத்துப் போகும். ரத்தம் போகலைன்னு அர்த்தம். ஓரத்தைச் சேர்த்து வைக்கணும், கழுத்தை நெரிக்கக் கூடாது. வாழைப்பழத்துலகூட தோல் பிய்ஞ்சு வந்துடும், தப்பு தெரியும். உங்க பேடுல தெரிய மாட்டேங்குதே?"

நான் பேசாம புருவத்தைத் தடவிக்கிட்டேன்.

பஸ்ல திரும்பி வரும்போது எங்க நாலு பேருக்கும் பேச்சே இல்லை. நாங்க பார்க்கத் தோல் மாதிரி இருக்கிற ஒரு பொருளைச் செய்யத்தான் உசுரை விட்டிருந்தோம். கலர், லேயர், மஞ்சள் கொழுப்பு... எல்லாம் மேக்கப்! மேடம் கேட்டது வேற. 'தப்பு பண்ணா தப்புன்னு சொல்ற பொருள்.'

அந்தக் கோபத்துலதான் லைப்ரரி பக்கம் ஒதுங்கினேன். (ஆமாங்க, நம்புங்க.) அங்க மாட்டினார் சுஸ்ருதர்! சுஸ்ருத சம்ஹிதை என்கிற பழைய மருத்துவ நூலில், சூத்ரஸ்தானம் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். எவ்வளவு படிச்சவனா இருந்தாலும் கையில பழகாதவன் வேலைக்கு லாயக்கில்லைன்னு ஆரம்பிக்கிறார். வெட்டிப் பழகப் பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரிக்காய். குத்திப் பழகத் தண்ணி நிரப்பின தோல் பை. சுரண்டிப் பழக முடியோட இருக்கிற தோல். ரத்தக்குழாயைத் திறந்து பழகச் செத்த மிருகத்தோட குழாய், இல்லைன்னா அல்லித்தண்டு. பூச்சி அரிச்ச மரத்துல கம்பியை விட்டுப் புரை எங்க போகுதுன்னு தேடணும். தையலுக்கு? தடித்த துணி, மெல்லிய துணி, மிருதுவான தோல்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது அந்தப் பட்டியலோட நீளம் இல்லை. அவர் மனுஷன் மாதிரி ஒரே ஒரு பொம்மையைச் செஞ்சு, 'எல்லாத்தையும் இதுலயே பழகு'ன்னு சொல்லலை. (கட்டுப் போட்டுப் பழகத் துணி பொம்மை ஒண்ணு வெச்சிருந்தார். அதுக்கு மட்டும்தான் அது.) ஒவ்வொரு வேலைக்கும், அந்த வேலையில கைக்கு என்ன தெரியணுமோ அதைச் சொல்ற பொருளைத் தேடியிருக்கார். அல்லித்தண்டு பார்க்கக் கை மாதிரியா இருக்கு? ஆனா உள்ளே குழாய் இருக்கு. ஆழமாப் போனா அந்தப் பக்கம் வந்துடும்.

இதே விஷயத்தைக் கனடாவுல டொரன்டோ ஆளுங்க சோதனையே பண்ணிப் பார்த்துட்டாங்க. 2002ல வந்த ஆய்வு அது. சிறுநீர்க் குழாய்க்குள்ள கேமராவை விட்டுக் கல்லை எடுக்கணும். கடைசி வருஷ மருத்துவ மாணவர்கள் 40 பேரை மூணு குரூப்பாப் பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு லெக்சர் மட்டும். இன்னொண்ணுக்கு 3,700 கனடா டாலர் விலையுள்ள அசத்தல் பொம்மை. மூணாவதுக்குக் கவிழ்த்து வெச்ச ஒரு கப், ரெண்டு ஸ்ட்ரா, ஒரு ரப்பர் குழாய், கொஞ்சம் லேடெக்ஸ்... மொத்தம் 20 டாலர்! முடிவு? லெக்சர் மட்டும் கேட்டவங்க பின்தங்கிட்டாங்க. 3,700 டாலர் குரூப்புக்கும் 20 டாலர் குரூப்புக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. படிச்சதும் ராத்திரி பதினோரு மணிக்கு டீமை எழுப்பிச் சொன்னேன். தலையணை பறந்து வந்தது.

'சரி, பொம்மையில பழகினா நெஜ நோயாளிக்கு என்ன லாபம்?'னு கேட்பீங்க. நானும் கேட்டேன். பதில் கண்ணுல இருக்கு. கண்புரை ஆபரேஷன்ல, லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள்ள உட்கார்ந்திருக்கும். அந்தப் பையோட பின்சுவர் வெறும் சில மைக்ரான் தடிமன்தான். புதுசா பழகுறவங்க கையில அது கிழிஞ்சா பெரிய தலைவலி. கென்யா, டான்சானியா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகள்ல பயிற்சியில இருந்த கண் டாக்டர்களை ரெண்டு பிரிவா ஆக்கினாங்க. ஒரு பிரிவுக்குக் கேப் டவுன்ல செயற்கைக் கண்களை வெச்சுத் தீவிரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சி மட்டும் (அவங்களுக்கு இந்தப் பயிற்சி ஒரு வருஷம் தள்ளி). 2021ல முடிவு வெளியாச்சு. அந்த ஒரு வருஷத்துல அவங்க செஞ்ச நெஜ ஆபரேஷன்கள்ல பின்சுவர் கிழிஞ்சது, செயற்கைக் கண்ணுல பழகினவங்களுக்கு 7.8 சதவிகிதம். பழகாதவங்களுக்கு 26.6 சதவிகிதம்.

அந்த ரெண்டு நம்பரையும் கழிச்சுப் பாருங்க. மிச்சம் வர்ற ஒவ்வொண்ணும் யாரோ ஒரு தாத்தாவோட, பாட்டியோட கண்ணு.

மறுபடி எங்க பேடுக்கு வர்றேன். 'தப்பைச் சொல்ற பேடு' எப்படிச் செய்யிறது? என் ஐடியா: கிச்சன் டிஜிட்டல் தராசு மேல பேடை ஒட்டிடுவோம். முரட்டுத்தனமா இழுத்தா எடை குறைஞ்சு காட்டும்ல? செஞ்சோம். நூலை மேல இழுத்தப்போ அழகாக் காட்டுச்சு. ஆனா முடிச்சை நெரிச்சா... பூஜ்யம்! எங்க புரொபசர் எட்டிப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, உன் பனியனை நீயே ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சா உன் எடை கூடுமா?"ன்னார். நெரிக்கிற விசை ரெண்டும் பேடுக்குள்ளேயே எதிரெதிரா அடிச்சுக்கிட்டுச் சமமாயிடுது. தராசுக்கு அது தெரியவே தெரியாது. ப்ளஸ் ஒன் நியூட்டன் விதி. மானம் போச்சு.

அப்புறம் ஒரு நாள் ரூம் மேட் டெங்குவுல அட்மிட் ஆகி, பக்கத்துல உட்கார்ந்து சலைன் சொட்டுறதையே பார்த்துட்டிருந்தேன். அவன் கையை மடக்கினான். சொட்டு நின்னுடுச்சு. நீட்டினான். மறுபடி சொட்ட ஆரம்பிச்சது. 'டேய், இன்னொரு தடவை மடக்கு'ன்னேன். நான் லூசாயிட்டேன்னு நினைச்சிருப்பான், பாவம்.

பேடு நம்பர் 4 அங்கே பிறந்தது. வெட்டுப் போடப் போற இடத்துக்கு ரெண்டு பக்கமும், ஓரத்தை ஒட்டி, மெல்லிய கம்பியைப் படுக்க வெச்சு சிலிக்கோன் ஊத்தினோம். இறுகினதும் கம்பியை உருவிட்டோம். உள்ளே மெல்லிய குழாய்ப் பாதை. ஒரு முனையில சலைன் பாட்டில், அதுல சிவப்பு ஃபுட் கலர் கலந்த தண்ணி. மறுமுனையில சொட்டுச் சொட்டா டம்ளர்ல விழும். பாட்டிலை எவ்வளவு உயரத்துல தொங்க விடறது? இங்கதான் நம்ம இன்ஜினீயர் மூளை! தோலுக்குள்ள இருக்கிற நுண்குழாய்கள்ல ரத்த அழுத்தம், ரத்தம் நுழையிற முனையில, சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் தண்ணியை விட 13.6 மடங்கு கனம். பெருக்கினா கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். பேடுல இருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவா... அவ்வளவு உயரத்துல பாட்டில். முடிச்சை நெரிச்சா குழாய் நசுங்கும், சொட்டு நிக்கும். ஊசியை மேலாகச் சாய்ச்சுக் குத்தினா குழாய் பொத்துக்கிட்டு 'ரத்தம்' வரும். நெட் துணியையும் மாத்தினோம். டெய்லர் அண்ணன் கிட்ட இருந்ததுலயே மட்டமான, மெல்லிசான நெட். ஓரளவு தாங்கும். முரட்டுத்தனமா இழுத்தா, கிழியும்.

இது நெஜத் தோல்னு நான் பீலா விடலை. சிலிக்கோன் குழாய்க்குன்னு தனியா ஒரு விறைப்பு இருக்கு, அதனால கணக்கு அச்சு அசலா ஒத்து வராது. இன்னொரு சிக்கலும் இருக்கு. ஆபரேஷன்ல கரன்ட் வெச்சுச் சுட்டு வெட்டுவாங்க இல்லையா, அதுக்கு இது சுத்தமா லாயக்கில்லை. சிலிக்கோன்ல கரன்ட் பாயாது. அதுக்காக ஜப்பான்ல கொன்யாகு கிழங்கு மாவுல இருந்து செயற்கைத் திசு செய்யறாங்க. தண்ணிச் சத்து உள்ளதால கரன்ட் பாயும். கொன்யாகு யாருன்னு தேடினா, நம்ம சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரர்! ஊர்ல அம்மா கிட்ட இதைச் சொன்னேன். "அதான் கறி மாதிரியே இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை அக்கா நைட் டியூட்டி முடிஞ்சு, தூங்காம நேரா எங்க லேப்புக்கு வந்தாங்க. நாலு பேரும் சுத்தி நின்னோம். பேடுல ஒரு வெட்டுப் போட்டுட்டு, முதல் தையல். சொட்டு... சொட்டு... சொட்டு... விழுந்துட்டே இருந்தது. ரெண்டாவது தையல். முடிச்சு போட்டு, பழக்க தோஷத்துல கடைசியா ஒரு இறுக்கு இறுக்கினாங்க.

டம்ளர்ல சத்தம் நின்னுடுச்சு.

அக்கா டம்ளரைப் பார்த்தாங்க. பாட்டிலைப் பார்த்தாங்க. "மூடியிருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டினேன். கத்தரியால அந்த முடிச்சை வெட்டினதும், சொட்டு மறுபடி விழ ஆரம்பிச்சது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. எங்க டீம்ல ஒருத்தன் ஜோக் அடிக்க வாயெடுத்தான், நான் காலை மிதிச்சேன்.

"நேத்து ராத்திரிகூட ஒரு குழந்தைக்கு முழங்கால்ல நாலு தையல் போட்டேன்டா..."ன்னு ஆரம்பிச்சு, பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

அதுக்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கலை. பேடு ரெண்டு இடத்துல கிழிஞ்சது, ஒரு தடவை குழாய் பொத்துக்கிட்டு மேஜையெல்லாம் சிவப்பு. சாயந்திரம் கடைசியா அஞ்சு தையல் வரிசையாப் போட்டாங்க. அஞ்சுக்கும் சொட்டு நிக்கலை. கிளம்பும்போது என் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பி, புருவத்தை எண்ணினாங்க.

"எட்டு போட்டிருக்கார். பயத்துல நிறைய போட்டுட்டார் பாவம். அஞ்சு போதும் இதுக்கு." அப்புறம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "இன்னொரு பேடு இருக்கா? எங்க யூனிட்ல ரெண்டு பேருக்குக் கொடுக்கணும்"னாங்க.

இல்லை. அதான் இப்போ இதை எழுதிட்டே ஒரு கண்ணை அச்சு மேல வெச்சிருக்கேன். பேடு நம்பர் 5 காய்ஞ்சுட்டிருக்கு. கையுறை போடாம தொடணும்னு பசங்ககிட்ட சொல்லியாச்சு.

வரட்டுமா?